ஏர்த் கிளிப்பை எங்கே பூட்டுவது?

மன்னார்க் கரையில் மீன் எடுத்து உட்கிராமங்களில் விற்பவர் அவர். பெட்டியின் பாரம் தாங்காமல் அவருடைய மோட்டார் சைக்கிளின் கரியர் பூட்டும் இடம் வெடித்துவிட்டது. மாலையில் பட்டறையில் கொடுத்து ஒட்டுவித்தார். ஒட்டு நன்றாகவே பிடித்தது. ஆனால் மறுநாள் விடியற்காலை எத்தனை தடவை உதைத்தும் சைக்கிள் ஸ்ராட் ஆகவில்லை. பிளக்கில் பொறி இல்லை. சி.டி.ஐ. பெட்டி எரிந்து போயிருந்தது. அன்றைய வியாபாரமும் போயிற்று.

"சாவியை மூடிப்போட்டுத்தானே அண்ணை ஒட்டினனான்" என்றார் பட்டறைத் தம்பி. அவர் சொன்னது உண்மை. சாவியை மூடினால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். அங்கேதான் பிழை.

மோட்டார் சைக்கிளின் சேசி பாரம் தாங்குவதோடு, மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் பாதையாகவும் இருக்கிறது. பற்றரியின் மைனஸ் முனை, சி.டி.ஐ., ரெகுலேற்றர், கொயில் எல்லாம் அதனோடுதான் தொடுக்கப்பட்டுள்ளன. சாவியை மூடினாலும் இந்தத் தொடுப்புகள் அறுவதில்லை. இவை 12 வோல்ற்றுக்கு உரியவை. வெல்டிங் இயந்திரத்திலோ பொறி தட்டுமுன் 50 முதல் 80 வோல்ற் வரை நிற்கும். 2.5 மில்லிமீற்றர் றொட்டில் ஒட்டும்போது 60 முதல் 90 அம்பியர் ஓடும். அந்த மின்சாரம் ஏர்த் கிளிப் வழியாகத் திரும்பியாக வேண்டும். கிளிப்பைப் பெயின்ற்றின் மேல் அரைகுறையாகப் பூட்டினால் அது வேறு வழி தேடும். நூல் போன்ற ஏர்த் வயரும் அதற்கு ஒரு வழிதான்.

கிளிப்பைச் சில்லில் பூட்டிவிட்டுச் சேசியை ஒட்டுவதையும் கண்டிருக்கிறோம். அப்போது மின்சாரம் பெயாரிங் குண்டுகளுக்கூடாகப் பாய்ந்து அவற்றில் குழி விழுத்தும். சில மாதங்களின் பின் சில்லு இரையும்போது, காரணம் ஒட்டு வேலை என்று யாருக்கு நினைவு வரும்?

ஆகவே, ஒட்டும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், அதே இரும்பில், பெயின்ற்றைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கிய இடத்தில் கிளிப்பைப் பூட்டுங்கள். எஞ்சினிலோ முன் ஃபோர்க்கிலோ பூட்ட வேண்டாம்.

கிளிப்பைச் சரியாகப் பூட்டினாலும் பற்றரியைக் கழற்றத்தான் வேண்டும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாறிச் செய்தால் ஸ்பனர் சேசியில் முட்டிப் பொறி பறக்கும். கழற்றிய பற்றரியைத் தள்ளி வையுங்கள். அதிலிருந்து வரும் ஐதரசன் வாயு வெடிக்கக்கூடியது. பெற்றோல் தாங்கியையும் இறக்கிவிடுங்கள். வெறும் தாங்கிதானே என்று இருந்துவிடாதீர்கள், ஆவிதான் தீப்பிடிப்பது. பின்னர் சி.டி.ஐ., ரெகுலேற்றர் ஆகியவற்றின் பிளக்குகளைக் கழற்றுங்கள். வயரில் பிடித்து இழுக்காமல் பிளக்கில் பிடித்து இழுக்க வேண்டும். பெற்றோலைப் பீச்சும் புதிய வகை சைக்கிள்களில் ஈ.சி.யூ. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. அது சி.டி.ஐ.யை விடப் பல மடங்கு விலை. அதன் பிளக்கையும் மறக்க வேண்டாம். இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் போதும்.

கழற்றக்கூடிய பாகமானால் இந்தக் கரைச்சலே இல்லை. சைட் ஸ்ராண்டையும் கரியரையும் கழற்றி நிலத்தில் வைத்து ஒட்டலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் ஒட்டி ஒட்டியே ஓடிய சைக்கிள்கள் இன்னும் நம் ஊர்களில் ஓடுகின்றன. ஆனால் ஹான்டில் கழுத்தருகே சேசி வெடித்திருந்தால் ஊர்ப் பட்டறையில் ஒட்டுவிக்க வேண்டாம். அது ஓட்டத்தில் முறிந்தால் உயிருக்கே மோசம்.

வேலை முடிந்து இரும்பு ஆறியபின் பிளக்குகளைப் பூட்டி, பற்றரிக்குப் பிளஸ் முதலும் மைனஸ் கடைசியுமாகப் பூட்டுங்கள். ஸ்ராட் செய்து சற்று முறுக்கிப் பிடித்தால் பற்றரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ற் காட்ட வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றரைச் சோதிப்பியுங்கள்.

அந்த மீன் வியாபாரி இப்போது பட்டறைக்குப் போகும்போது 10ஆம் நம்பர் ஸ்பனரையும் சட்டைப் பையில் கொண்டு போகிறார். பற்றரியைத் தானே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் சைக்கிளைக் கொடுக்கிறார்.