மதில்மேல் ரசிகர்கள்

மைதானங்களின் முகங்கள் – 11

கிழக்குக் கரையில் இருக்கும் ஈச்சிலம்பற்றில் உதைபந்தாட்டம் பார்க்க வருகிறவர் முதலில் நிழல் தேடுவார். வேம்பின் கீழே வயதானவர்கள். சைக்கிள் காரியரில் பொடியன்கள். ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்திய உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்புத் தூளால் போட்ட எல்லைக்கோடு இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் பாதி அழிந்துவிடும். அதன்பிறகு சனம் நிற்கும் இடம்தான் எல்லை. பந்து வெளியே போனதா இல்லையா என்பதை நடுவர் விசில் ஊதுமுன்பே கரையில் நிற்பவர்கள் கூவித் தீர்த்துவிடுவார்கள்.

டிக்கெட் கிடையாது. கதிரை கிடையாது. கூரை என்று இருப்பது வேம்பு மட்டும்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற இதே இளைஞர்களின் கைபேசியில் உலகத்தின் பெரிய மைதானங்கள் எல்லாம் ஓடுகின்றன. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 25,000 பேர் மஞ்சள் உடையில் எழுந்து நிற்கும் தெற்கு மாடத்தை அவர்களுக்குத் தெரியும். அதை அந்த ஊர்க்காரர்கள் ‘மஞ்சள் மதில்’ என்கிறார்கள். புவனஸ் அயர்ஸில் 1940இல் திறக்கப்பட்ட பொம்பொனேரா அரங்கு இடநெருக்கடியால் செங்குத்தாக எழும்பி நிற்பதும், அங்கே ரசிகர்கள் குதித்தால் மாடமே அதிர்வதும் தெரியும். எது உசத்தி என்ற வாக்குவாதம் இரவுச் சாப்பாடு வரை நீளும். அந்தப் பட்டியலில் சொந்த நாட்டிலிருந்து ஒரு மைதானம் தவறாமல் இடம்பிடிக்கும். தீவின் அந்தக் கோடியில், இந்துசமுத்திரத்தின் ஓரத்தில் இருக்கும் காலி.

பெயர்தான் காலி. டெஸ்ட் நடக்கும் நாட்களில் அந்த ஊர் நிரம்பி வழியும்.

போர்த்துக்கேயர் 1588இல் காலியில் ஒரு சிறு கோட்டையை எழுப்பினார்கள். 1640இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர், கல்லும் பவளப்பாறையும் கொண்டு பெரிய மதில்களாக வளர்த்தெடுத்தார்கள். அந்த மதிலுக்கு வெளியே கிடந்த திறந்த வெளியில் 1876இல் குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. குதிரைகள் ஓய்ந்தபின், 1927இல் அது கிரிக்கெட் மைதானமாக அறிவிக்கப்பட்டது. முதல் டெஸ்ட் 1998 ஜூனில், நியூசிலாந்துக்கு எதிராக. இலங்கை இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இரண்டு பக்கம் கடல், ஒரு பக்கம் கோட்டை, கோட்டையின் தலையில் 1883ஆம் ஆண்டு மணிக்கூட்டுக் கோபுரம். பீரங்கிகளுக்காகக் கட்டிய அகன்ற மதிலின் மேல் இன்று புல் வளர்ந்திருக்கிறது. அந்தப் புல்லில் உட்கார்ந்தால் பந்து சுழல்வதுகூடத் தெரியும்.

அங்கே உட்காரக் காசு கேட்பார் இல்லை. உள்ளே மாடத்தில் டிக்கெட் வாங்கியவரும் வெளியே மதிலில் குடை பிடித்தவரும் ஒரே பந்துக்குக் கூவுகிறார்கள். இங்கிலாந்து அணி வந்தால் அதன் பின்னாலேயே வரும் ரசிகர் படையும் மதிலில் கொடிகளை விரித்துவிடுகிறது. மதில்மேல் பூனை எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது என்பார்கள். காலி மதிலில் உட்கார்ந்திருக்கிற சனம் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

2010 ஜூலை 22 அன்று அந்த மதில் முழுக்க மனிதத் தலைகள். இந்தியாவுக்கு எதிரான அந்த டெஸ்டோடு ஓய்வு பெறுவதாக முத்தையா முரளிதரன் முன்கூட்டியே அறிவித்திருந்தார். போட்டி தொடங்கும்போது அவர் கையில் 792 விக்கெட். எண்ணூறைத் தொட இன்னும் எட்டு வேண்டும். இரண்டாம் நாளை மழை முழுவதுமாக விழுங்கியது. முதல் இன்னிங்ஸில் ஐந்து கிடைத்தது. இரண்டாவது இன்னிங்ஸில் யுவராஜ் சிங், ஹர்பஜன் சிங் என்று இரண்டு. 799.

அங்கேதான் ஆட்டம் நின்று விளையாடியது. வி.வி.எஸ். லக்ஷ்மண் நங்கூரம் பாய்ச்சியதுபோல் நின்று 69 ஓட்டங்கள் எடுத்தார். மறுமுனையில் லசித் மாலிங்க விக்கெட் எடுக்க எடுக்க, நாட்டின் வெற்றிக்குக் கைதட்ட வேண்டிய ரசிகர்கள் அரை மனதோடு கைதட்டினார்கள். முரளிக்கு மிச்சம் குறைகிறதே! கடைசியில் லக்ஷ்மண் ரன்–அவுட் ஆனார். அதுவும் யார் கணக்கிலும் சேராத விக்கெட். மீதி இருந்தது ஒன்றே ஒன்று. இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் விட்டுக்கொடுக்காமல் தடுத்து ஆடினார்கள். 45ஆவது ஓவரை வீசிக்கொண்டிருந்தார் முரளி. ஓஜாவின் துடுப்பில் உரசிய பந்து ஸ்லிப்பில் நின்ற மஹேல ஜயவர்தனவின் கைக்குப் போனது. டெஸ்ட் வாழ்க்கையில் அவர் வீசிய கடைசிப் பந்து அது. அந்த மைதானத்தில் மட்டும் அவர் எடுத்த விக்கெட்டுகள் 111.

போர் முடிந்து அப்போது 14 மாதங்கள்தான் ஆகியிருந்தன. கண்டியில் பிறந்த ஒரு மலையகத் தமிழரைச் சக வீரர்கள் தோளில் சுமந்து போனார்கள். தென்னிலங்கையின் மதில் முழுக்க எழுந்து நின்றது. ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் அது வேறு மாதிரியான காலம். 2006இல் மாவிலாற்று அணைக்கதவுகள் மூடப்பட்டதைத் தொடர்ந்து வெடித்த சண்டையில் ஊர் ஊராகச் சனம் வாகரைப் பக்கம் பெயர்ந்தது. பின்னர் திரும்பி வந்தவர்கள் கூரை வேய்ந்து, கிணறு இறைத்து, வயலைத் திருத்தி வாழ்க்கையைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த விக்கெட்டுக்குக் கைதட்டியவர்களும் தட்டாதவர்களும் அங்கே இருந்திருப்பார்கள். இரண்டுக்கும் அவர்களிடம் காரணம் இருந்தது.

காலிக்கும் இந்தக் கரைக்கும் வேறொரு உறவும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை, ஆழிப்பேரலை முதலில் கிழக்குக் கரையில்தான் ஏறியது. சிறிது நேரம் கழித்துத் தெற்கை வளைத்து காலியைத் தாக்கியது. இங்கிலாந்தின் ஹரோ பள்ளி அணி அன்று காலி மைதானத்தில் ஆட வந்திருந்தது. பையன்கள் மாடத்தின் மேலே ஏறித் தப்பினார்கள். பஸ்களை அலை புரட்டிக்கொண்டு போனது. ஆடுகளம் இருந்த இடத்தில் சேறும் சிதைவும் மிஞ்சின. ஒல்லாந்தரின் மதிலுக்கு உள்ளே இருந்த பழைய நகரம் பெருமளவு தப்பியது. மதிலுக்கு வெளியே இருந்த மைதானத்துக்குத்தான் அழிவு.

இனி அங்கே கிரிக்கெட் வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் அந்த மைதானத்தில் தன் 500ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்திருந்த ஷேன் வார்ன், அலைக்குப் பின் காலிக்கு வந்து, மைதானத்தை மீட்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் கழிந்து, 2007 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டோடு மைதானம் திரும்பியது. ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 213 ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 81 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மழை வந்து அதைக் காப்பாற்றியது. மதிலில் இருந்தவர்கள் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

மதில் ஒரேயொரு ஆளோடு நின்ற நாட்களும் உண்டு. 2020 மார்ச்சில் இங்கிலாந்தின் இலங்கைச் சுற்றுப்பயணம் கொரோனாவால் பாதியில் கைவிடப்பட்டது. அணி ஊர் திரும்பியது. அதைப் பார்க்க வந்த ஓர் இங்கிலாந்து ரசிகர் திரும்பவில்லை. இலங்கையிலேயே தங்கிப் பத்து மாதம் காத்திருந்தார். 2021 ஜனவரியில் டெஸ்ட் நடந்தபோது ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அவர் மதிலில் ஏறினார், பொலிஸார் இறக்கிவிட்டார்கள், பிறகு அனுமதி கிடைத்து மறுபடி ஏறினார். அந்தப் போட்டியில் 228 ஓட்டங்கள் குவித்த ஜோ ரூட், கோட்டைப் பக்கம் திரும்பி அந்தத் தனி மனிதருக்காகத் துடுப்பை உயர்த்தினார்.

இதே தெற்கில், அம்பாந்தோட்டை சூரியவெவயில், 2011 உலகக் கிண்ணத்துக்காக 35,000 பேர் அமரும் அரங்கு கட்டப்பட்டது. இலங்கையும் கனடாவும் மோதிய போட்டி அங்கே நடந்தது. விசாலமான மாடங்கள், வசதியான வாகனத் தரிப்பிடம், எல்லாம் உண்டு. ஊர்தான் எட்டத்தில் இருக்கிறது. தெருவில் போகிறவன் ஒரு பந்து பார்த்துவிட்டுப் போவோம் என்று எட்டிப்பார்க்க வழியில்லை. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அது பெயரளவில் அல்லாமல் உண்மையாகவே காலி.

காலியில் எதிர்மாறான சிக்கல். கோட்டை 1988 முதல் உலக மரபுரிமைச் சின்னம். மைதானத்தின் மாடம் கோட்டைக் காட்சியை மறைக்கிறது, மரபுரிமைத் தகுதிக்கே அதனால் ஆபத்து என்று 2018இல் பிரச்சினை கிளம்பியது. மாடத்தை இடிப்பதா என்பது அரசாங்கம் வரை போனது. இடிபடவில்லை. மதிலில் உட்காருகிற ரசிகர்களைக் கேட்டிருந்தால், மாடம் போனால் அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும் என்று சொல்லியிருப்பார்கள்!

கோட்டையும் மைதானமும் ஒட்டிப் பிறந்த இன்னொரு ஊர் குரோஷியாவில் இருக்கிறது. திரோகிர் என்ற சின்னஞ்சிறு தீவு நகரம். அங்கே உதைபந்தாட்டத் திடலின் ஒரு முனையில் வெனிஸ்காரர் கட்டிய 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை, மறுமுனையில் ஒரு பழைய கொத்தளம், பக்கத்தில் கடல். பந்தை ஓங்கி உதைத்தால் ஏதோ ஒரு நூற்றாண்டில் போய் முட்டும்.

ஈச்சிலம்பற்றுக் கடற்கரைக்காரருக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றக்கூடியது நோர்வேயில், வட துருவ வட்டத்துக்கும் மேலே, ஹென்னிங்ஸ்வேர் என்ற மீனவக் கிராமத்தின் மைதானம். பாறைத் தீவைச் சமன்படுத்தி எடுத்த திடல் அது. கலரி எதுவும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் ஓரத்துத் தார்த்தரையிலும் பாறையிலும் நிற்கிறார்கள். திடலைச் சுற்றி மரச்சட்டங்களில் கொட் மீன் காய்கிறது. கருவாட்டு வாசனைக்கு நடுவே கோல் விழும் மைதானம் என்று சொன்னால் இலங்கைத்துறைப் பக்கத்துப் பொடியன்கள் யாரும் வியக்கமாட்டார்கள். ஆனால் ஆகாயத்திலிருந்து எடுத்த அதன் படத்தை உலகம் முழுக்க வியந்து பகிர்கிறது.

லிவர்பூலில் கதை வேறு. அங்கே மேடு கிடைக்காததால் செயற்கையாக எழுப்பினார்கள். ஆன்ஃபீல்ட் அரங்கில் 1906இல் கட்டிய பெரிய மண் மேட்டு மாடத்துக்கு ‘கொப்’ என்று பெயர். 1900 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியன் கொப் குன்றில் போயர்களோடு நடந்த சண்டையில் லங்காஷயர் படைப்பிரிவுகள் ஏராளமான ஆட்களைப் பறிகொடுத்தன. அந்தக் குன்றின் பெயரைத்தான் மாடத்துக்கு வைத்தார்கள். அதே போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றப்பட்டு வந்து இறங்கிய இடம் இலங்கை. அடைத்து வைத்த முகாம் தியத்தலாவை.

நம் ஊர்களில் மதிலும் குன்றும் இல்லாத குறையைச் சத்தம் தீர்த்துவைக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் ‘வடக்கின் பெரும் சமர்’ நாட்களில், வாகனங்களில் கொடி கட்டி வாத்தியத்தோடு ஊர்வலம் போகும் மாணவர்களின் ஆரவாரம் மைதானத்துக்குள் அடங்குவதில்லை. போர் பல ஆண்டுகள் அந்தப் போட்டியை நிறுத்திவைத்தது. திரும்பியபோது சத்தமும் சேர்ந்தே திரும்பியது. தெற்கில் அந்தச் சத்தத்தின் பெயர் பப்பரே. எக்காளமும் மேளமும் பைலா மெட்டில் விடாமல் முழங்கும். பைலா என்ற சொல் போர்த்துக்கேய மொழியில் ஆட்டத்தைக் குறிப்பது. போர்த்துக்கேயரோடும் ஆப்பிரிக்கரோடும் வந்த அந்த மெட்டுகளின் மூத்த வடிவங்களைக் கல்யாண வீடுகளில் இன்றும் காத்துவைத்திருப்பவர்கள், மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர். கொழும்பு மைதானத்தில் துள்ளுகிற ரசிகனின் காலுக்குக் கிழக்கிலும் ஒரு வேர் இருக்கிறது.

இந்த வேர்க் கதையெல்லாம் தெரியாமலேயே ஈச்சிலம்பற்றில் யாரோ ஒருவர் தகர வாளியைக் கவிழ்த்துத் தட்டத் தொடங்குவார். இறுதிப் போட்டி சமநிலையில் முடிந்து, தண்ட உதை வரைக்கும் போய்விட்டால், வெளிச்சம் மங்கிவிடும். அப்போது உழவு இயந்திரப் பெட்டியில் இருப்பவர்களுக்குத்தான் மவுசு. கீழே நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவரின் தோள்தான் தெரியும். “என்னவாம், போச்சுதா?” என்று கீழேயிருந்து கேட்பார்கள். பெட்டியில் நிற்கிற பொடியன், பதில் சொல்லாமல், கையை மட்டும் தூக்குவான்.

(அடுத்த இதழில்: சேப்பாக்கம், 1999 ஜனவரி 31. வென்ற பாகிஸ்தான் அணிக்காக எழுந்து நின்ற சென்னை ரசிகர்கள்.)