சர்க்கார் உத்தியோகமும் தொழிற்சாலை வேலையும்

தறியிலும் கழனியிலும் உழைத்த நம் அங்கத்தினர் பலருடைய பிள்ளைகள் இன்று ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். சர்க்கார் உத்தியோகம் மேலா, இவ்வேலை மேலா என்று வீடுதோறும் விவாதம் நிகழ்கிறது. முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டு இதனை அளத்தல் தகாது. ஆயுள் முழுவதும் கைக்கு வருவது யாதென்று கணக்கிடல் வேண்டும்.

தமிழக சர்க்காரில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தோருக்கு, முப்பதாண்டுப் பணிக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அதற்கு அகவிலைப்படியும் உண்டு. பின்னர் சேர்ந்தோர் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். ஆகவே தந்தை காலத்து விதி தமக்கும் பொருந்தும் என்றெண்ணாமல், சேரும் நாளில் உள்ள விதியைப் படித்தறிதல் நலம். பரீட்சைக்கெனக் காத்திருக்கும் ஆண்டுகளின் ஊதிய இழப்பை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை!

தொழிற்சாலையில் தொழிலாளியும் முதலாளியும் தலைக்கு 12 சதவிகிதம் வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்துகின்றனர். முதலாளி பங்கில் 8.33 சதவிகிதம் பென்ஷனுக்குச் செல்கிறது. 2014 செப்டம்பரில் வகுத்த 15,000 ரூபாய் வரம்பின்படி, முப்பதாண்டு உழைத்து 58 வயதில் ஓய்வு பெறுபவருக்குச் சலுகையாக இரண்டாண்டு கூட்டப்படும். 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 6,857 ரூபாய். இதற்கு அகவிலைப்படி இல்லை. வைப்பு நிதித் தொகை தனியே கிடைக்கும். அதனை இடையில் எடுத்துச் செலவழித்தவருக்கு முதுமையில் இச்சிறு பென்ஷனே மிஞ்சும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. பத்தாண்டுச் சேவை நிறைந்தால்தான் மாதப் பென்ஷன். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. முதலாண்டிலேயே சேர்ந்தவருக்கும் அங்கே எட்டாண்டுச் சேவைதான். அந்நிலையில் பென்ஷன் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அச்சேவை அத்துடன் தீர்ந்தது. அவ்வாறன்றி ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ வாங்கிவைத்தாலோ, பழைய கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றினாலோ, எட்டாண்டுடன் அடுத்த ஆண்டுகளும் சேரும். அறுந்த இழையை முடிச்சிட்டு நெய்வது நம்மவர்க்குப் புதிதன்று.

கான்ட்ராக்டில் சேருவோர் இன்னும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். சம்பளத்தில் பிடித்த தொகை கணக்கில் ஏறியுள்ளதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டர் செலுத்தத் தவறினால், வேலை வாங்கும் ஆலையே அதற்குப் பொறுப்பு. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தியவரே அதனை எளிதில் கேட்டுப் பெற இயலும்.