ஆயாசம் என்றால் களைப்பு இல்லை

திருத்தணியில் ஒரு தாய், "கொழந்தைக்கு ரொம்ப ஆயாசமா இருக்கு சார்" என்று வந்து நின்றால், அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுக்கொள்வது டாக்டருக்கு நல்லது. தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்துத் தெலுங்கில் அதே சொல்லுக்கு மூச்சு வாங்குவது என்று பொருள். களைப்புதானே என்று குளுக்கோஸ் பவுடர் எழுதிக் கொடுத்து அனுப்பினால், இழுப்போடு வந்த குழந்தை இழுப்போடே வீடு திரும்பும்.

1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எல்லை மாறினாலும் பேச்சும் உறவும் மாறவில்லை. பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவருக்கு நகரியில் சம்பந்தி இருப்பார். உடம்புக்கு முடியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது யாரும் மாநிலம் பார்ப்பதில்லை. பார்க்க வைத்த காலம் ஒன்று வந்தது. அது கொரோனா காலம்.

சுவர் எழுப்பிய ஏப்ரல்

2020 ஏப்ரல் கடைசியில், வேலூர் மாவட்டத்திலிருந்து சித்தூர் பக்கம் போகும் இரண்டு சாலைகளில் குறுக்கே ஹாலோபிளாக் சுவரே கட்டிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் எப்படிப் போகும் என்று எதிர்ப்பு கிளம்பியதும் இடித்தார்கள். சுவர் இல்லாத இடங்களில் இ-பாஸ் இருந்தது. மருத்துவக் காரணத்துக்கு அனுமதி உண்டு என்றாலும், நள்ளிரவில் காய்ச்சலில் துவளும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு செல்போனில் விண்ணப்பம் நிரப்புவது எத்தனை பேரால் முடியும்?

கொரோனா கிருமி பெரியவர்களை வாட்டிய அளவுக்குக் குழந்தைகளை வாட்டவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சலோடு போனது. குழந்தைகளைப் பொறுத்தவரை அந்தக் காலத்தின் பெரிய ஆபத்து தாமதம்தான் என்பது என் எண்ணம். வண்டி இல்லை, பக்கத்து கிளினிக் பூட்டியிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் தேள்கடியும் ஊரடங்குக்காகக் காத்திருக்கவில்லை.

பரிசோதனை முடிவு இல்லை என்பதற்காக எந்த அவசர சிகிச்சையையும் தாமதப்படுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே 18 அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்த வரி எல்லா ஊர் மருத்துவமனை வாசலிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த தொற்று வரும்போதாவது எழுதட்டும்.

ஒரு நிமிடம், வயிற்றைப் பாருங்கள்

மூச்சுத் திணறலைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, மடியில் படுக்கவைத்துச் சட்டையை மேலே தூக்குங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தையோ செல்போனையோ வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது. கிராம நர்ஸ்களும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே கண்ணை ஓட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே குழி விழுந்தால் எண்ணிக்கையை முடிக்கக்கூடக் காத்திருக்க வேண்டாம், கிளம்புங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், உதடு நீலம் பாய்வது, பால் குடிக்க மறுப்பது, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடப்பது ஆகியவையும் அப்படியே.

இன்னொன்று நகத்தில் தெரியும். விரல் நுனியை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் சிவப்பு திரும்ப வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் ஆகி, உடம்பு கொதிக்கும்போதே கை கால் சில்லிட்டிருந்தால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கைக்குழந்தையின் விரலில் மாட்டி ஏமாறாதீர்கள். பெரியவர்களுக்கான கிளிப் அந்தச் சின்ன விரலில் சரியாக உட்காராது. அது 98 காட்டினாலும், நெஞ்சு குழி விழுந்தால் நெஞ்சைத்தான் நம்ப வேண்டும்.

தொற்று போன பிறகு வந்த காய்ச்சல்

2020 ஏப்ரல் இறுதியில் பிரிட்டன் மருத்துவர்கள் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். கொரோனா வந்துபோன குழந்தைகள் சிலர் சில வாரம் கழித்து, உடம்பு முழுக்க அழற்சியோடு, சில சமயம் இதயமே தளர்ந்த நிலையில் வருகிறார்கள் என்றார்கள். பல உறுப்பு அழற்சி நோய் என்று இதைச் சொல்லலாம், மருத்துவர்கள் எம்.ஐ.எஸ்-சி என்பார்கள். சென்னையிலும் அதே ஆண்டு வந்துவிட்டது. நுங்கம்பாக்கம் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை மருத்துவர்கள் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் நிலையை மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அடுத்து, சென்னை மருத்துவமனைகளில் சேர்ந்த 19 குழந்தைகளைப் பற்றிய தொகுப்பு வெளியானது. குழந்தைகள் பிழைத்தார்கள். நேரத்தோடு வந்தார்கள், நோய் நேரத்தோடு அடையாளம் காணப்பட்டது.

தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் இது தலைகாட்டும். மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், பூளை தள்ளாமல் சிவக்கும் கண், வெடித்துச் சிவந்த உதடு, தடிப்பு, வயிற்று வலி, வாந்தி. வயிற்று வலியை மட்டும் பார்த்தால் குடல்வால் என்று தோன்றும். பல குழந்தைகளுக்குக் கொரோனா வந்ததே வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் "ஒரு மாசத்துக்கு முன்னாடி வீட்ல யாருக்காவது ஜுரம் இருந்ததா?" என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

எழும்பூருக்குக் கிளம்பும் முன்

பெரிய காய்ச்சல் என்றால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. அந்த நம்பிக்கை சரியானதே. ஆனால் திருத்தணியிலிருந்து சென்னை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். மூச்சுத் திணறும் குழந்தையைக் காரில் போட்டுக்கொண்டு நேராக அங்கே விரைந்தால், வழியில் ஆக்சிஜன் கிடையாது, வலிப்பு வந்தால் ஊசி கிடையாது.

எழும்பூரில் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்த டாக்டர் இந்துமதி சந்தானம், மாவட்ட மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சொல்லிக்கொடுத்ததன் சாரமும் இதுதான். நோயின் பெயரைத் தேடுவதற்கு முன் சுவாசப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் மூன்றையும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதைத் தொடங்க வேண்டிய இடம் குழந்தை முதலில் வந்து சேரும் மருத்துவமனை. ஆகவே முதலில் ஊரிலுள்ள அரசு மருத்துவமனை. அங்கே ஆக்சிஜன், சலைன் ஏற்றி நிலைப்படுத்திய பிறகு 108 வண்டியில் திருவள்ளூரோ எழும்பூரோ. திருவள்ளூரில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 108 எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே எண்தான்.

வலிப்பு

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வலிப்பு வருவது அபூர்வமில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், தண்ணீர், விரல் எதுவும் வேண்டாம்; கையில் சாவியும் வேண்டாம். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் அவசரம். முதல் தடவை வலிப்பு என்றால் நின்ற பிறகும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மாந்தம், தொக்கம், சிரப்

மாந்தம் என்று கஷாயம் புகட்டுவதும், வயிற்றில் சிக்கியதைத் தொக்கம் எடுக்கிறேன் என்று ஊதி உறிஞ்சுவதும் நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. பாட்டிமார்களோடு எனக்குச் சண்டையில்லை. தொக்கம் எடுக்கப்போன அரை நாள்தான் பெரிய கெடுதல். வயிற்றுப்போக்கில் அந்த அரை நாளில் குழந்தையின் கண் குழி விழுந்துவிடும். ஒரு ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கொரோனா வந்த தாயும் முகக்கவசத்தோடு பால் கொடுக்கலாம்.

பாரசிட்டமால் விஷயத்தில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. ஆனால் ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250. சொட்டு மருந்திலோ ஒரு மில்லிக்கே 100. பழைய பாட்டிலின் மூடிக் கணக்கைப் புதுப் பாட்டிலுக்கு வைத்தால் அளவு இரட்டிப்பாகிவிடலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் சிரப்பே வேண்டாம், நேராக மருத்துவமனை.

அந்த அட்டை எங்கே?

2021ஆம் ஆண்டில் உலகம் முழுக்க 2 கோடியே 50 லட்சம் குழந்தைகள் முத்தடுப்பு ஊசியின் ஒரு தவணையையாவது தவறவிட்டதாக உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. ஊரடங்கில் பிறந்து வளர்ந்த உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருக்கலாம். இன்றே பீரோவில் தேடி எடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, விட்ட ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். குழந்தையின் இப்போதைய எடையை அட்டையின் பின்பக்கம் எழுதி, கீழே 108 என்றும் எழுதி, கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள்.