இரு தோழியரும் இரு பேச்சும்

இத்தாலி நாட்டின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமாகிய ராய், அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனத்தோடு கூடித் தயாரித்த தொலைக்காட்சி நாடகமொன்று 2018 முதல் 2024 வரை நான்கு பருவங்களாக, 34 பகுதிகளில் வெளிவந்தது. அதன் பெயரை ‘என் மேதைத் தோழி’ என்று தமிழிற் சொல்லலாம். எலெனா ஃபெர்ராந்தே என்ற புனைபெயரில் 2011 முதல் 2014 வரை வெளியான நான்கு நாவல்களே இதற்கு மூலம்.

கதை 1950களில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைக் குடியிருப்பொன்றில் தொடங்குகிறது. எலெனாவின் தந்தை நகராட்சி மன்றத்து வாயிற்காவலர். லீலாவின் தந்தை செருப்புத் தைப்பவர். (லீலா என்பது நம் வீட்டுப் பெண்ணின் பெயர் போலவே ஒலிப்பது தற்செயல்தான்.) ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும் நெருக்கம். கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்த நேயர்களுக்கு இதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

வகுப்பில் முதல்வி லீலா. எலெனா அவளைப் பின்பற்றி முன்னேறுகிறவள். ஆயினும் மேலே படிக்கச் சென்றவள் எலெனாவே. அக்கால இத்தாலியில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நுழைவுத் தேர்வெழுதித்தான் லத்தீன் கற்பிக்கும் நடுநிலைப் பள்ளியிற் சேரலாம். எல்லோருக்கும் பொதுவான நடுநிலைப் பள்ளியை 1962ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்படுத்திற்று. ஆசிரியை இரு வீட்டுப் பெற்றோரிடமும் வாதாடுகிறார். எலெனாவின் வீடு தயங்கித் தயங்கி இசைகிறது. லீலாவின் தந்தை மறுத்துவிடுகிறார். லீலா நூலகத்துப் புத்தகங்களைக் கொண்டு தானாகவே லத்தீன் பயில்கிறாள். பதினாறாம் வயதில் மளிகைக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்படுகிறாள்.

அன்று பிரிந்தது பள்ளி மட்டுமன்று, பேச்சும்தான். குடியிருப்பில் வழங்குவது நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சு; பள்ளியிலும் புத்தகத்திலும் உள்ளது பொது இத்தாலியம். இரண்டுக்கும் தூரம் அதிகம். இத்தாலியில் இந்நாடகம் ஒளிபரப்பானபோதே வட்டாரப் பேச்சுக்கு இத்தாலிய எழுத்தில் விளக்கம் தரவேண்டியிருந்தது. வேற்று நாட்டுத் துணைவரிகளைப் படிப்போருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போகும். துணைவரிகள் இரண்டையும் ஒரே நடையில் எழுதிவிடுகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

பைசா நகரத்துக் கல்லூரிக்குச் செல்லும் எலெனாவின் உச்சரிப்பைக் கேட்டு அங்குள்ளோர் நகைக்கின்றனர். விடுமுறைக்கு வந்தால், அவள் பெரிய மனுஷி போலப் பேசுவதாக ஊரார் ஒதுங்குகின்றனர். லீலாவோ வேண்டும்போது நல்ல இத்தாலியமும் பேசுவாள். பல வேளைகளில் பேச மறுப்பாள். தோழி இத்தாலியத்தில் கேட்க, இவள் வட்டாரப் பேச்சில் விடை கூறுகிறாள். அன்பும் பொறாமையும் கலந்த அவ்விருவர் உறவில், ‘நீ போய்விட்டாய், நான் இங்கேயே இருக்கிறேன்’ என்ற குற்றச்சாட்டு அந்த விடையில் ஒளிந்திருக்கிறது. தான் எழுதுகிற புத்தகங்களிலெல்லாம் லீலாவின் அறிவு ஊடாடுவதை எலெனா அறிவாள். அதனாலேயே அவளை விட்டு நீங்கவும் முடிவதில்லை, அருகில் நிம்மதியாக இருக்கவும் முடிவதில்லை.

தங்கவயலில் இதற்கு இன்னொரு மடிப்பும் உண்டு. வீட்டிலே தமிழ், அரசாங்க அலுவலகத்திலே கன்னடம், மேற்படிப்பிலே ஆங்கிலம். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபின் வேலைக்காகப் பெங்களூருக்கு ரயிலேறியவர் பலர். ஒரே லைனில் வளர்ந்த இரு பெண்களில் ஒருத்தி நகரத்து அலுவலகத்துக்குச் செல்ல, மற்றவள் மாரிக்குப்பத்திலேயே தங்கிவிட்டால், பண்டிகைக்குச் சந்திக்கும்போது இருவரும் எந்தத் தமிழிற் பேசிக்கொள்வார்கள்? இந்தக் கேள்வியோடு நாடகத்தைப் பார்ப்பவருக்கு அது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது.

நான்காம் பருவத்தில் எலெனா பழைய குடியிருப்புக்கே திரும்பி, லீலாவின் வீட்டுக்கு மேல்மாடியிற் குடியேறுகிறாள். அப்பகுதிகளைக் காணும்போது துணைவரிகளைச் சிறிது நேரம் மறந்து, செவியை மட்டும் தீட்டிக்கொள்ளுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். யார் முதலில் எந்தப் பேச்சுக்கு மாறுகிறார் என்பது மொழி தெரியாமலே விளங்கும்.