தனுஷ்கோடிப் பள்ளிக்கூடச் சுவர்கள்

‘பள்ளி’ என்னும் சொல் தமிழில் பொருள்வளம் மிக்கது. துயிலுமிடம் பள்ளி, சமண, பௌத்தத் துறவியர் உறைவிடமும் பள்ளி, நாம் தொழுமிடம் பள்ளிவாசல், பிள்ளைகள் பயிலுமிடம் பள்ளிக்கூடம். தங்கவும் தொழவும் கற்கவும் உரிய இடங்களை நம் முன்னோர் ஒரே சொல்லால் வழங்கினர். மனிதர் நீங்கிய பின்னும் அத்தகைய இடம் எழில் குன்றாது நிற்கக்கூடும் என்பதற்குத் தனுஷ்கோடியில் சிதைந்து நிற்கும் பழைய பள்ளிக்கூடம் சான்றாகும்.

1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டபின், தலைமன்னாருக்குக் கப்பலேறும் துறையாகத் தனுஷ்கோடி விளங்கிற்று. இரயில் நிலையம், அஞ்சலகம், தேவாலயம், பள்ளிக்கூடம் ஆகியன அங்கிருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயிலும் அலைகளுக்கு இரையாயிற்று. பின்னர் அவ்வூர் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது.

இன்று அப்பள்ளிக்குக் கூரையில்லை, கதவில்லை, தரையெங்கும் மணல். ஆயினும் காரை உதிர்ந்த சுவர்களில் தனியழகு ஒன்று புலப்படுகின்றது. அங்குள்ள பழைய கட்டடங்கள் பவளப்பாறைக் கற்களால் எழுப்பப்பட்டவை. கடலுயிர்கள் கட்டிய நுண்ணிய துளைகளையும் வரிகளையும் அக்கற்களில் இன்றும் காணலாம்.

கூரை இழந்தும் சுவர் நிற்பதன் காரணம் யாது? பவளக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அடிப்படையில் ஒரே பொருளே. சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகின்றது. ஆகவே கல்லும் காரையும் ஒன்றிவிடுகின்றன. சுவரில் ஏறும் ஈரமும் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். ஆனால் கடல் உப்பு அத்துளைகளிற் படிந்து, உறைந்து, கல்லைப் பொடியாக்குகின்றது. பழுதுபார்ப்பதாக எண்ணிச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் சிதைவு விரையும்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் காண்போர் தொகை பெருகிற்று. சுவரிற் பெயர் பொறிப்போரும் உளர். 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருத்தலால், அத்தகைய கல்லை இனிக் கடலிலிருந்து வெட்டியெடுத்தல் இயலாது. எனவே உதிரும் ஒவ்வொரு கல்லும் ஈடுசெய்ய இயலாத இழப்பாகும்.

இச்செய்தி சின்னசேலம் வட்டாரத்தார்க்குத் தொலைவானதன்று. நம் ஊர்ப்புறங்களிலும் சுண்ணாம்புச் சுவர்கொண்ட பழைய வீடுகளும் தொழுமிடங்களும் கல்விக்கூடங்களும் உள்ளன. சுண்ணாம்புக் காரை இறுகக் கொத்தனார்கள் சேர்த்த கடுக்காயோ நம் கல்வராயன் மலையில் விளைவது. கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கும் பக்குவம் அறிந்த முதியோர் நம்மிடையே இருப்பின், மாணவர்கள் அவர்களை அணுகிக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பழஞ்சுவரை இடிப்பதற்கும் சிமெண்டு பூசுவதற்கும் முன்னர் அச்சுவரின் இயல்பை அறிந்துகொள்ளுதல் கற்றோர் கடன்.