சைக்கிளுக்கு மோட்டார்: வாங்குமுன் அளந்து பாருங்கள்!

மேட்டில் சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்குகிறதா? மோட்டார் பொருத்தலாம்.

சக்கரத்தில் பொருத்தும் மோட்டார் மலிவு. பெடல் அருகே பொருத்துவது விலை கூடுதல். ஆனால், அது செயினை இழுக்கிறது. கியரை மாற்றினால் மேடு ஏறுவது எளிது. கியர் இல்லாத சைக்கிளுக்கு இந்தப் பலன் இல்லை. செயினும் சீக்கிரம் தேயும்.

எதை வாங்கலாம்?

பாபாங் 'பிபிஎஸ்01' மோட்டார், பெடல் சுற்றினாலே ஓடும். டோங்ஷெங் 'டிஎஸ்டிஇசட்2' மோட்டார், நீங்கள் அழுத்தி மிதிக்கும் அளவுக்கு உதவும்.

பெடல் அச்சு செல்லும் குழாயின் அகலத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 68 முதல் 73 மில்லிமீட்டர் வேண்டும். அளவு தவறினால் பணம் வீண்!

பாட்டரியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமான லித்தியம் பாட்டரி தீப்பிடிக்கக்கூடும். அது இருக்கப்போவது உங்கள் வீட்டில்தானே!