கடலோரச் சுற்றுலாத் தலங்களில் கழிவுநீர் சுத்திகரிப்பு சவாலாவது ஏன்? – ஒரு விளக்கம்

புதுதில்லி: கடற்கரைச் சுற்றுலாத் தலங்களின் வருவாய்க்கு ஆதாரமாக இருப்பது தூய்மையான கடல்நீர். ஆனால், அங்கு வரும் பயணிகளின் எண்ணிக்கை உயரும்போது வெளியேறும் கழிவுநீரே அந்த ஆதாரத்துக்கு அச்சுறுத்தலாகிறது. விடுதி உரிமையாளர்கள் மட்டுமன்றி, அதே கடலை நம்பி வாழும் மீனவர்களும் இதனால் பாதிக்கப்படுகின்றனர்.

தில்லியில் இயங்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு 7,236.8 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023.5 கோடி லிட்டர் மட்டுமே. எஞ்சியதில் கணிசமான பகுதி ஆறுகள், கால்வாய்கள் வழியாகக் கடலைச் சேர்கிறது.

கடலோரத்தில் என்ன சிக்கல்?

கடற்கரைப் பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் உயரமாகவும், மண் மணற்பாங்காகவும் இருக்கும். செப்டிக் டேங்கிலிருந்து கசியும் நீர் போதிய அளவு வடிகட்டப்படாமலேயே கிணறுகளையும் கடலையும் அடையக்கூடும். பாதாளச் சாக்கடைக் குழாய்களில் விரிசல் ஏற்பட்டால் உவர்நீர் உட்புகும். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளை இந்த உப்பு பாதிக்கிறது. கடல்நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, கான்கிரீட் குழாய்களை அரிக்கிறது.

பருவகால ஏற்றத்தாழ்வு மற்றொரு சவால். விடுமுறைக் காலத்தில் கழிவுநீரின் அளவு பன்மடங்கு உயர்ந்து, பின்னர் வெகுவாகக் குறையும். நிலையான வரத்துக்காக அமைக்கப்பட்ட நிலையம் முதலில் திணறும். பின்னர் உணவின்றி நுண்ணுயிரிகள் நலிவடையும். எனவே, வரத்தைச் சீராக்கும் தேக்கத் தொட்டிகளும், உணவகக் கழிவுநீருக்கு எண்ணெய் பிரிப்புத் தொட்டிகளும் அவசியமாகின்றன.

குளிப்பதற்கு ஏற்ற நீர் எது?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2017-ஆம் ஆண்டு அறிவிக்கை, சுத்திகரித்து வெளியேற்றப்படும் 100 மில்லி லிட்டர் நீரில் மலக்கழிவு சார்ந்த கோலிஃபார்ம் பாக்டீரியா 1,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. இதைவிடக் கடுமையான வரம்புகளைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் வலியுறுத்தியது. ஆனால், குளிக்கவும் நீர் விளையாட்டுக்கும் உரிய கடல்நீருக்கான வரம்பு 100 மட்டுமே. அதாவது, 2017 விதிக்கு உட்பட்ட கழிவுநீரும் குளிப்பதற்குத் தகுதியானதாக இராது. ஆகவே, சுத்திகரிப்பின் தரத்தைப் போலவே, நீர் வெளியேற்றப்படும் இடமும் முக்கியமாகிறது.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கடற்கரை 2021-இல் 'நீலக்கொடி' சான்றிதழ் பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை, 33 அளவுகோல்களின் அடிப்படையில் இதனை வழங்குகிறது. கழிவுநீர் கடற்கரையைப் பாதிக்கக் கூடாது என்பதும், குளியல் பருவத்தில் குறித்த இடைவெளியில் நீர் மாதிரிகள் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். சான்றிதழ் நிரந்தரமானதன்று, ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப்பிக்கப்பட வேண்டும்.

போராக்கே தரும் பாடம்

பிலிப்பைன்ஸின் போராக்கே தீவை அந்நாட்டின் அப்போதைய அதிபர் ரோட்ரிகோ துதெர்தே 'கழிவுநீர்க் குட்டை' என விமர்சித்தார். மழைநீர் வடிகால்களில் கழிவுநீர் விடப்பட்டதே முக்கியக் குற்றச்சாட்டு. 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதங்களுக்குத் தீவு மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். மீண்டும் திறக்கப்பட்டபோது, ஒரே நேரத்தில் தங்கும் பயணிகளின் எண்ணிக்கை 19,215 என வரையறுக்கப்பட்டது.

தீர்வு என்ன?

பெரிய விடுதிகள் தங்கள் வளாகத்திலேயே கழிவுநீரைச் சுத்திகரித்து, தோட்டங்களுக்கும் கழிப்பறைகளுக்கும் மறுபயன்பாடு செய்வது கடலில் கலக்கும் அளவைக் குறைக்கும். சிறிய விடுதிகளுக்கும் குடியிருப்புகளுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும், செப்டிக் டேங்க் கசடை முறையாகச் சேகரிக்கும் லாரி சேவையும் தேவை. மழைநீர் வடிகால்களில் முறைகேடாக இணைக்கப்பட்ட குழாய்களைக் கண்டறிந்து துண்டிக்காதவரை, எத்தனை நிலையங்கள் அமைத்தாலும் முழுப் பயன் கிட்டாது என்பதையே போராக்கே அனுபவம் உணர்த்துகிறது.